சில்லிக்குத் தமிழ்ல என்ன?

அகராதி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, சொல்லுக்குப் பொருள் சொல்லும் தடித்த புத்தகம். மற்றது, திமிர். டப்பிங் ஸ்டூடியோவில் தனக்கு அந்தப் பெயரை எந்த அர்த்தத்தில் வைத்தார்கள் என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டாவதுதான் என்று அங்கேயே முடிவாகியிருக்கும்.

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவன் வேலை. எழுதுவது என்றால் கற்பனைக் குதிரையைத் தட்டிவிடுவது அல்ல. திரையில் இருப்பவர் எவ்வளவு நேரம் வாயசைக்கிறாரோ அவ்வளவு நேரத்துக்குத்தான் தமிழ். அவர் உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம என்று ஏதாவது ஒட்டுகிற எழுத்து வந்தாக வேண்டும். ஒட்டாத இடத்தில் வரவே கூடாது. தப்பாகப் போட்டால், பார்க்கிறவனுக்கு எங்கேயோ இடிக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. படம் மொக்கை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். இந்த வித்தையெல்லாம் அகராதிக்குத் தண்ணீர் பட்ட பாடு. வராத வித்தை ஒன்றே ஒன்றுதான்: தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது.

சில மாதம் முன்பு ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. குளித்து முடித்த பெண் தோளை முகர்ந்து பார்த்துச் சொக்கிப்போகிறாள். அகராதி அவளுக்கு, "நாள் முழுக்க நாற்றம்" என்று எழுதிக்கொடுத்தான். நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணம், சந்தேகம் இருந்தால் எந்தப் புலவரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றான். சோப்புக் கம்பெனிக்காரர்கள் புலவர் யாரையும் கேட்கவில்லை. வேறு ஸ்டூடியோவைக் கேட்டார்கள்.

ஸ்டூடியோ அவன் அக்காவின் கணவருடையது. இவன் மாமா என்று கூப்பிட, ஒலிப்பதிவு செய்பவரும் மாமா என்று கூப்பிட, குரல் கொடுக்க வருகிறவர்களும் கூப்பிட, கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் அவர் மாமாதான். அந்தச் சொல்லுக்கு ஊரில் இன்னொரு அர்த்தமும் புழங்குவதால் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் கொஞ்சம் கூசுவார்கள். இரண்டாம் நாள் கூச்சம் போய்விடும். மாமா உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. சோப்பு போன அன்றுகூட, "சரி மாப்ளே, பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, கூட்டத்துக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார்.

கூட்டம் என்பது ஒரு வேலை. சந்தை இரைச்சல், போர்க்களத்தில் "விடாதே, பிடி", சாவு வீட்டு விம்மல், விருந்தில் மெல்லும் சத்தம், இதையெல்லாம் ஓர் ஓரமாக நின்று வாயாலேயே செய்துகொடுப்பது. அதுவரை கூட்டமாக இருந்தவர் கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டார். கூட்டம் போனதிலிருந்து ஸ்டூடியோ வெறிச்சோடிக் கிடந்தது. இன்னொரு தடவை வார்த்தையில் வம்பு வந்தால் வசனத்துக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று மாமா வருத்தத்தோடு தெரிவித்தார். அகராதி எம்.ஏ. படித்தவன், ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லாமல் காலமெல்லாம் கசமுசா என்று முனகிக்கொண்டிருப்பதா?

அந்த நேரம் பார்த்துத்தான் 'சில்லி' வந்து சேர்ந்தாள்.

ஆங்கிலத் தொடர் ஒன்று. ஒரு கல் வீடு, அதில் அறுநூறு வருஷமாக வாழ்கிறவர்களின் கதை, ஐந்து பாகம். ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு காலம். ஐந்து காலத்துப் பெண்ணாகவும் ஒரே நடிகை. ஒவ்வொரு பாகத்திலும் அவள் யாரையாவது பார்த்து ஒரே ஒரு சொல்லைச் சொல்வாள்: சில்லி (silly). முதல் பாகத்தில் அவள் சாகக் கிடக்கும் கன்னியாஸ்திரி. ஆடு மேய்க்கிறவன் தலையில் கை வைத்து அந்தச் சொல்லைச் சொல்கிறாள், அந்தக் காலத்துப் பேச்சில் 'சீலி' என்று. அப்போது அதற்கு அருள் பெற்றவன் என்று பொருள். இரண்டாம் பாகத்தில் சிப்பாய்கள் பிடித்துப்போன மகனைப் பற்றிச் சொல்கிறாள். அப்போது ஒன்றும் அறியாதவன். மூன்றாம் பாகத்தில் பனியில் நனைந்து நிற்கும் நொண்டி வேலைக்காரனைப் பார்த்து. அப்போது பரிதாபத்துக்குரியவன். நான்காம் பாகத்தில் சீட்டாடி நிலத்தைத் தோற்றுவிட்டு வந்த தம்பியைப் பார்த்து. அப்போது முட்டாள். ஐந்தாம் பாகம் இன்றைக்கு நடப்பது. வயதான புருஷன் கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான். அவள் அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, அதே சொல்லைச் சொல்கிறாள்.

அகராதிக்குக் குஷி தாங்கவில்லை. பாக்கியவான், அப்பாவி, பாவம், மடையன், அசடு என்று ஐந்து பாகத்துக்கும் ஐந்து சொல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விளக்கமும் எழுதி அனுப்பினான். யாரும் விளக்கம் கேட்கவில்லை என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

தொடரை வாங்கிய கம்பெனியில் வசனத்தைச் சரிபார்க்க ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அது ஐந்தையும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பியது. கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு மேடம் உண்டு. அவர் போனில் பொறுமையாகச் சொன்னார்: கடைசிப் பாகத்தின் முடிவில் அந்த ஐந்து காட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஐந்து பெண்களும் அந்த ஒரே சொல்லைச் சொல்வார்கள், படம் முடியும். அங்கே ஐந்து வேறு சொல் வந்தால், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்துப் பேசுவதுபோல இருக்காதா? ஒரே சொல்தான் வேண்டும். திங்கட்கிழமை அவரே ஸ்டூடியோவுக்கு வந்து கேட்பார். சரியில்லை என்றால் தொடர் வேறு இடத்துக்குப் போகும்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அகராதிக்கு ரொம்ப எரிச்சலாக இருந்தது.

மாமா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். எல்லா இடத்திலும் 'லூசு' என்று போட்டால் என்ன? இரண்டே அசை, உதடும் ஒட்டாது. குரல் கொடுக்கிறவளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அவளுக்குப் பெயர் கிழவி. வயது இருபத்தாறு. பிறந்ததிலிருந்தே தொண்டை கரகரப்பு என்பதால் தொழிலில் அத்தனை கிழவிகளும் அவள்தான். விளக்கு அணைந்தது. திரையில் கன்னியாஸ்திரி நடுங்கும் கையை ஆட்டுக்காரன் தலையில் வைத்தாள். கிழவி உயிர் பிரிகிற குரலில், "லூசு, கர்த்தர் உன்கூட இருக்கார்" என்றாள். ஒலிப்பதிவு செய்பவர், அவரைக் காது என்று கூப்பிடுவார்கள், ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். கம்பெனியின் கம்ப்யூட்டர் மட்டும் ஐந்தையும் பச்சையாக்கி, சிறப்பு என்றது.

பிறகு அகராதி தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டான். அப்படி உடைத்ததில் ஒன்று கிடைக்கவும் செய்தது. 'பாவம்' என்கிற சொல், கொலை, களவு என்று பாதாளத்தில் கிடந்த சொல். அது மெல்ல மெல்லப் படியேறி, "பாவம், நல்ல மனுஷன்" என்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. 'சில்லி' சொர்க்கத்திலிருந்து அதே படியில் இறங்கி வந்த சொல். இரண்டும் நடுப்படியில் ஒரு தடவை எதிரெதிரே பார்த்து, வழிவிட்டு, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போயிருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவன் காதிடம் ஓடினான். காது முழுசாகக் கேட்டார். கேட்பதுதானே அவர் தொழில். கேட்டுவிட்டு, பாவத்தில் முன்னாலும் உதடு ஒட்டுகிறது, பின்னாலும் ஒட்டுகிறது, திரையில் அந்த அம்மாவோ இளித்த வாயாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், படியேறி வந்ததை மறுபடி இறங்கிப் போகச் சொல் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா ஏதோ மைக் ரிப்பேருக்காக வெளியே போயிருந்தார். அகராதி தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு துணி மடித்தபடி, கீழ் வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் மாடிக் குழாயை மூடாமல் விட்டதில் தண்ணீர் கீழ் வீட்டுச் சுவர் வழியாக இறங்கி, அவர்கள் டிவியை நனைத்திருந்தது.

"என்ன பண்றது சொல்லுங்க? எங்க வீட்ல ஒரு சாது இருக்கே, அது தொட்ட குழாய் என்னிக்கு மூடியிருக்கு?"

அகராதியின் கை தட்டிலேயே நின்றது.

சாது. முதல் எழுத்தே சில்லியில் வருகிற அதே காற்று. இரண்டே அசை. உதடு ஒட்டவே ஒட்டாது. ஆனால் அவனை நிறுத்தியது உதடு இல்லை. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், அவன் பள்ளிக்கூடத்துப் பையன். முதல் தடவை மாமாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த அக்கா, அம்மாவிடம் இதே சொல்லைத்தான் சொன்னாள். "ஆளு சாதும்மா." ஏதோ ரிஷியைத் தரிசித்துவிட்டு வந்தவள்போல. கல்யாணம் ஆன புதிதில், மாமாவைப் பங்காளிகள் ஏதோ பழியில் இழுத்துவிட்டபோது, அவர் சாது, அவருக்கு என்ன தெரியும் என்று வாசலில் நின்று ஒரு படையையே திருப்பி அனுப்பினாள். அப்புறம் மாமாவைக் கூட வேலை பார்த்தவன் ஏமாற்றிவிட்டுப் போன வருஷம், அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சாது, சாது என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது குழாய்.

இங்கிலீஷ்காரனுக்கு அறுநூறு வருஷம் பிடித்த வேலையை அக்கா பதினோரு வருஷத்தில் முடித்திருந்தாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பிய அக்கா, ஏன்டா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே, குழம்பு உறைக்குதா என்று கேட்டாள். இல்லை என்றான். இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னான். அவள் எந்த வார்த்தை என்றாள். வேண்டாம் என்றுவிட்டான். கேட்டு வாங்கினால் சொல் கெட்டுப்போகும் என்று அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை மாமாவிடம் சொல்லை மட்டும் சொன்னான். மாமா அதை வாய்க்குள் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். எங்கே பிடித்தாய் என்று கேட்டார். பழைய புத்தகத்தில் என்றான் அகராதி. மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

மேடம் வந்தார். கெடுபிடியான ஆளாக இருப்பார் என்று நினைத்தார்கள். சளி பிடித்த, களைத்துப்போன, நல்ல மனுஷியாக இருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதும் மேடமும் அகராதியும் மாமாவும். அந்தப் பக்கம் அறைக்குள் கிழவி. ஐந்து காட்சியும் வரிசையாக ஓடின. கிழவி ஐந்து தடவை சாது என்றாள். ஐந்தும் ஒன்றாகவே இருந்தன. ஆட்டுக்காரனும் சீட்டாடியும் ஒரே ஆள்போல ஆனார்கள்.

சாதுன்னா சாதுதானே, அதை எத்தனை விதமாச் சொல்றது என்று கிழவி மைக்கிலேயே அலுத்துக்கொண்டாள்.

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அகராதி பக்கம் திரும்பினார். முதல் இடம் சரி, ஒப்புக்கொள்கிறேன், சாது என்றால் சாமியார். நான்காவது இடத்தில் அது எப்படித் திட்டாகும்? யார் வீட்டில் அப்படித் திட்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் அகராதியின் வலது பக்கத்தில், முழங்கையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் வேலை நிலைக்கும், மாமாவின் மானம் போகும். மூடினால் மானம் நிற்கும், நாளையிலிருந்து கசமுசா, கசமுசா. அவன் வாழ்நாளில் முதல் தடவையாக, தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டான். சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுவது இயற்கை, எடுத்துக்காட்டாக நாற்றம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால், என்று ஆரம்பித்தான். மேடம் கைப்பையைத் தேடினார்.

மாமா எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சத்தம் வராமல் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு அறைக்குள் போனார்.

"சாது மிரண்டா..." என்று காது ஆரம்பித்துவிட்டு, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மாமா கிழவியிடமிருந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கனைத்துக்கொண்டார். "கேட்டுக்கோம்மா. இது கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். கடைசி எழுத்தைக் கீழே வைக்க மனசில்லாமல் கையிலேயே வைத்திருப்பதுபோல. அகராதி அன்றைக்கு அம்மா பக்கத்தில் நின்று கேட்டது அட்சரம் பிசகாமல் அதேதான்.

"இது பங்காளிங்க வந்தப்போ." சொன்னார். முதல் எழுத்து வாசல்படி மாதிரி உயரமாக நின்றது.

"இது நான் சாப்பிடாம இருந்தப்போ." சொன்னார். பாதிச் சொல் மூச்சாகவே போய்விட்டது. மேடம் கைப்பையைக் கீழே வைத்தார்.

"இது நேத்து. குழாய்." சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு குழாயைத் தாங்கள்தான் திறந்து விட்டுவிட்டதுபோல இருந்தது.

அகராதி தரையைப் பார்த்தான். நேற்று அக்கா அதைச் சொன்னபோது மாமா வீட்டிலேயே இல்லை. அப்புறம் புரிந்தது. அக்கா அதைக் கீழ் வீட்டுக்காரியிடம் மட்டுமா சொல்லியிருப்பாள்?

"அஞ்சாவது?" என்று கிழவி கேட்டாள். இப்போது அவள் குரலில் அலுப்பு இல்லை.

மாமா திரையைப் பார்த்தார். அந்த வயதான அம்மா பொத்தானைப் போட்டுவிட்டு, வாயைத் திறக்கப் போகிற இடத்தில் படம் நின்றிருந்தது.

"இது எனக்குத் தெரியாதும்மா. நான் கேட்டதில்ல."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கையிருப்பில் இல்லாத சரக்கை இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனாலும் நான்கு வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொடர் முடிவதே ஐந்தில்தான்.

அப்போது போன் அடித்தது. அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவர் மாமா. அடித்தது அவர் சட்டைப் பையில். பதற்றத்தில் அணைப்பதற்குப் பதிலாக எடுத்துவிட்டார். அந்த அறையில் இருக்கிற மைக், கொசு கொட்டாவி விட்டால்கூடப் பிடித்துவிடும். அக்காவின் குரல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கர் முழுக்க வந்து நிறைந்தது.

"என்னங்க, குழாயை அப்படி என்ன மூடு மூடிட்டுப் போனீங்க? நானும் திருகிட்டேன், கீழ் வீட்டுக்காரரும் வந்து திருகிட்டார், ஒருத்தராலயும் திறக்க முடியல. அதை மூடின மும்முரத்துல சாப்பாட்டு டப்பாவை இங்கயே வெச்சுட்டுப் போயிருக்கீங்க." கொஞ்சம் நின்றாள். நிறுத்தினதில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்ததோ என்னவோ. "சாது. நானே எடுத்துட்டு வர்றேன்."

போன் நின்றது. மாமா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கிழவி வாய்க்குள், யாருக்கும் கேட்காத மாதிரி, அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். மைக் கேட்டுவிட்டது. காது கையைத் தூக்கினார். அது அவரிடம் 'ஓகே' என்று பொருள். அவர் கையைத் தூக்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுபடி ஐந்து காட்சியும் ஓடின. ஐந்து பெண்களும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், ஐந்து விதமாக. ஐந்தாவதில் அந்த வயதான அம்மா பல்லைக் காட்டிச் சொன்னபோது உதடும் குரலும் எள்ளளவும் பிசகவில்லை. மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சளிதான் என்றார். சரி என்று இன்றைக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன், மிச்ச வசனத்தையும் இவரே எழுதட்டும் என்று அகராதியைக் காட்டிச் சொன்னார். கம்ப்யூட்டர் என்ன சொல்லும் என்று மாமா கேட்டார். அது லூசு, எதற்கும் தலையாட்டும் என்றார் மேடம்.

அவர் போன பிறகு மாமா காதின் பக்கத்தில் போய்க் குனிந்து, அந்தப் போன் சத்தம் பதிவாகியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அழிக்கச் சொல்கிறார் என்று காது நினைத்தார். மாமா தன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார்.

பிறகு அகராதியிடம் வந்தார்.

"பழைய புத்தகம்னு சொன்னே, மாப்ளே?"

"ஆமா மாமா."

"பதினோரு வருஷம்லாம் ஒரு பழசா? கூட்டத்துக்கு வெளிய ஆள் பார்த்துக்கறேன். நீ எழுது." நாலடி போய்விட்டுத் திரும்பினார். "இன்னொண்ணு. அந்தப் புத்தகத்துகிட்ட இங்க நடந்ததைச் சொல்லிடாதே."

அகராதி சொல்ல மாட்டேன் என்றான். ஒரே நாளில் இரண்டாவது தடவையாகச் சும்மா இருக்க ஒப்புக்கொண்டதில் அவனுக்கே தன் உடம்புக்கு ஏதாவதா என்று சந்தேகம் வந்தது.

மத்தியானம் அக்கா வந்தாள். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில், பிளம்பர் கழற்றிக் கொடுத்த குழாய்த் திருகு. மரை தேய்ந்து மொட்டையாகியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலையில் இருந்த எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எங்கே அந்தச் சாது?"

காது ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினார். கிழவி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். அகராதி பேனாவைக் கீழே வைத்தான். உள்ளே இருந்து எட்டிப்பார்த்த மாமாவும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இது எத்தனையாவது பாகம் என்று யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை.

"என்ன எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க?" என்றாள் அக்கா.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் மாமா.